வானத்தில் பூக்கும் பூவுக்கு வேர் எங்கே?



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது நானும் முதலில் கவிதைதான் எழுத நினைத்தேன். எங்கள் வகுப்பில் மட்டும் பதினோரு பேர் கவிதை கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பதினோரு பேருக்கும் நிலா தேவைப்படுகிறது. வானத்தில் எனக்கு மிச்சம் இருப்பது வாணவேடிக்கை மட்டும்தான்!

சிரிக்க வேண்டாம் நண்பர்களே. இது என் மாமாவின் வலது கையில் இரண்டு விரல் போன விஷயம்.

எனக்கு ஊர் செந்துறை. அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் கூலி வேலை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார்கள். கொட்டையின் தோலில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு அம்மாவின் உள்ளங்கை கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஊரில் யார் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "இஞ்சினியரு வராரு" என்று கேலியும் செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் திருவிழா ராத்திரி

2019-ஆம் வருஷம், சித்திரை மாதம். ஆறாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தேன். பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழா. சாமி புறப்பாடு முடிந்து வாணவேடிக்கை. என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அந்த வருஷம் வாணம் விடுகிறவர்களுக்கு உதவி ஆளாகப் போயிருந்தார். குழி தோண்டிக் குழாய் நடுவது, மணல் அள்ளிப் போடுவது, திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஓடுவது. ஒரு ராத்திரிக்கு நல்ல கூலி, சாப்பாடும் உண்டு.

நான் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்பு ஒன்று விரிந்தது. பச்சை ஒன்று விரிந்தது. ஊரே 'ஓ...' என்று வாயைப் பிளந்தது. அடுத்த குழாயில் திரி புகைந்தது; ஆனால் குண்டு கிளம்பவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து மாமா திரியைச் சரி செய்யக் கையை நீட்டினார். அப்போதுதான் அது கிளம்பியது.

அந்தக் குண்டும் மேலே போய் அழகாகத்தான் விரிந்தது. தங்க நிறம். கூட்டம் கைதட்டியது. கீழே ஒரு மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்தக் கைதட்டலில் யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பாட்டி சொன்னது, "அவன் தலையில அப்படி எழுதியிருக்கு." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அப்போது நான் சின்னப் பையன். இப்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. இப்போது தலையாட்ட என்னால் முடியவில்லை!

பூ எப்படிப் பூக்கிறது?

வானத்தில் நாம் பார்க்கும் பூ, தரையில் இருக்கும்போது ஒரு காகித உருண்டை. பசை தடவிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காய வைத்த கூடு. உள்ளே சீடை மாதிரி உருட்டிய மருந்து உருண்டைகள். நடுவில் கூட்டை உடைக்கும் மருந்து. அடியில் குண்டைத் தூக்கி எறியும் கருமருந்து. திரி பற்றியதும் கருமருந்து வாயுவாக மாறிக் குண்டைக் குழாயிலிருந்து தள்ளுகிறது. அதே நேரத்தில் உள்ளே போகும் இன்னொரு திரியும் பற்றிக்கொள்கிறது. குண்டு உச்சிக்குப் போய் நிற்கும் அந்தக் கணத்தில் அது நடு மருந்தைத் தொட வேண்டும். அப்போதுதான் பூ வட்டமாக விரியும். முந்தினாலும் பிந்தினாலும் பூ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். கூடு ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால் பூவும் மூளியாகத்தான் வரும்.

முதலாண்டு பிசிக்ஸில் படித்த சூத்திரத்தை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றின் தடையை விட்டுவிட்டால், 100 மீட்டர் உயரத்துக்குப் போக ஒரு பொருள் நொடிக்கு 44 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர்! நம் அரியலூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியைவிட வேகம். அந்த வேகத்துக்கு முன்னால்தான் என் மாமா கையை நீட்டினார். அந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இனி நிறம். இதற்கு லேப் தேவையில்லை. உலை பொங்கி உப்புத் தண்ணீர் அடுப்பில் வழியும்போது தீ மஞ்சளாக மாறுவதை நம் அம்மாக்கள் தினமும் பார்க்கிறார்கள். அது சோடியம். வாணத்தின் மஞ்சளும் அதே சோடியம்தான். ஊரில் பழைய ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள் (அந்தப் புகை விஷம், பக்கத்தில் நிற்காதீர்கள்). தீ பச்சையும் நீலமுமாக எரியும். உள்ளே செம்பு, மேல் உறையான பி.வி.சி.யில் குளோரின். இரண்டும் சேர்ந்து எரிவதுதான் வாணத்தின் நீலம். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, கால்சியம் ஆரஞ்சு, அலுமினியமும் மெக்னீசியமும் வெள்ளை. நம் ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் வீலில் இரும்பை வைத்தால் தெறிக்கிறதே தங்கப் பொறி, வாணத்தில் கொட்டும் தங்க மழையும் அதே வகைதான். இரும்புத் தூளோ கரித் தூளோ எரிந்துகொண்டே விழுகிறது.

இதில் கஷ்டமான நிறம் எது தெரியுமா? நீலம்! செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு சூடு அதிகமானால் பிரிந்துவிடும், நிறம் வெளுத்துப்போகும். சூடு குறைந்தால் வெளிச்சமே போதாது. அதனால் அடுத்த முறை நல்ல நீலம் ஒன்றைப் பார்த்தால், தெரிந்த ஒரு கை அதைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். அதற்காக ஒரு கைதட்டல் கூடுதலாகப் போடுங்கள்.

வடிவத்துக்கும் காரணம் உண்டு. பெட்டியின் மேல் ஆங்கிலப் பெயர் போட்டிருந்தாலும், நம் கண்ணுக்கு நம் ஊர் மரமும் பூவும்தான் தெரிகின்றன. உருண்டைகள் வால் இல்லாமல் நிறப் புள்ளிகளாக மட்டும் விரிந்தால் அது ஒரு ரகம். ஒவ்வொன்றும் பின்னால் கோடு இழுத்துக்கொண்டு விரிந்தால் செவ்வந்தி. ஜப்பான்காரர்களும் அதைச் செவ்வந்தி என்றுதான் அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். உருண்டைகளைக் குறைத்துப் பெரிதாக வைத்தால் தென்னங்கீற்று. கரி அதிகம் சேர்த்து மெதுவாக எரிய வைத்தால் ஆலம்விழுது போலத் தரையை நோக்கித் தொங்கும். ஒவ்வொரு உருண்டையும் நடுவானில் மறுபடி நாலாக உடைந்து குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவது இன்னொரு ரகம். ஒரு உருண்டைக்கு மேல் இன்னொரு மருந்தைப் பூசி உருட்டினால், சிவப்பாகக் கிளம்பியது பச்சையாக முடியும். கூட்டுக்குள் உருண்டைகளை வட்டமாக அடுக்கினால் வானத்திலும் வட்டம். ஆனால் அந்த வட்டம் தட்டு மாதிரி தட்டையானது. நேரே நிற்பவனுக்கு வளையம், பக்கவாட்டில் நிற்பவனுக்கு வெறும் கோடு!

இவ்வளவும் வேதியியல், இயற்பியல், இயந்திரவியல். நாம் மூன்று வருஷம் படிக்கிற பாடம்தான். ஆனால் இந்தக் குண்டை உருட்டுகிறவர், ஒட்டுகிறவர், குழாயில் இறக்குகிறவர், திரி வைக்கிறவர்... இவர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்? என் கேள்வி அது ஒன்றுதான்.

அறிவு வந்த இடத்தில் ஆபத்து குறைந்தது

வரலாற்றைப் பாருங்கள். பல நூறு வருஷம் வாணத்தில் வெறும் பொன்னிறமும் வெள்ளையும்தான் இருந்தன. 1786-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலார் பெர்த்தோலே பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு 1830-களில்தான் பளிச்சென்ற நிறங்கள் வானத்துக்கு வந்தன. ஆனால் அந்த நிறம் ஒரு எமனையும் கூட்டி வந்தது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உரசலே போதும், பற்றிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டுதான் மத்திய அரசு 1992 ஜனவரியில் அந்தக் கலவைக்குத் தடை போட்டது. காரணம் தெரிந்ததால் வந்த தடை அது.

சிவகாசியைப் பாருங்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போனார்கள். பணம் கொடுத்து சரக்கு வாங்கிவரப் போகவில்லை. தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவரப் போனார்கள். திரும்பி வந்து ஊரில் ஆரம்பித்தார்கள். மழை பொய்த்த அந்தக் கரிசல் பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தது அந்தக் கல்வியிலிருந்துதான்.

ஆனால் அறிவு முதலாளி வரைக்கும் வந்து நின்றுவிட்டால் என்ன ஆகும்? 2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 உயிர்கள். ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்களும் அதில் உண்டு. 2016 ஏப்ரல் 10. கேரளாவில் கொல்லம் பக்கம் பரவூர் புற்றிங்கல் கோயில். போட்டி வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தபோது குவித்து வைத்திருந்த வெடிகளில் நெருப்பு விழுந்தது. நூறு பேருக்கு மேல் போனார்கள். எல்லாம் தூரத்து ஊர் என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபர் 9-ஆம் தேதி, தீபாவளிக்குச் சில வாரம் முன்னால், நம் அரியலூர் மாவட்டத்திலேயே விரகாலூர் நாட்டு வெடி ஆலையில் வெடி விபத்து. பலர் இறந்தார்கள். அன்றைக்கு நான் முதலாண்டு. செய்தி வந்தபோது ஒர்க்‌ஷாப்பில் அரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அரம் ஓடவில்லை. மாமாவின் கைதான் ஞாபகம் வந்தது.

பிழை பாடமா, விதியா?

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊர். உலகத்திலேயே பெரிய வாணக் குண்டை விட வேண்டும் என்று அங்கே ஒரு குழு முயன்றது. 2019-இல் அவர்கள் விட்ட குண்டு குழாயை விட்டு வெளியே வராமல் உள்ளேயே வெடித்துப்போனது. அதாவது, என் மாமாவுக்கு விரல் போன அதே வருஷம்! அவர்கள் விட்டுவிடவில்லை. 2020 பிப்ரவரியில் மறுபடி விட்டார்கள். 62 அங்குல விட்டம், ஏறத்தாழ 1,270 கிலோ எடை. ஒரு சின்னக் காரின் எடை! அது மேலே போய் விரிந்தது. கின்னஸிலும் இடம் பிடித்தது.

அங்கேயும் பிழை நடந்தது. இங்கேயும் பிழை நடந்தது. அங்கே அது பாடம் ஆனது. இங்கே தலைவிதி ஆனது. வித்தியாசம் அவ்வளவுதான் நண்பர்களே!

என் மாமா விஷயத்தில் பிழை என்ன? எரியாத திரியின் பக்கத்தில் உடனே போகக்கூடாது. எத்தனை நேரம் ஆனாலும் குழாயின் வாய்க்கு மேலே கையோ தலையோ நீளக்கூடாது. மறுபடி பற்ற வைக்கவும் கூடாது. மூன்றே வாக்கியம். ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் சொல்லிவிடலாம். சொல்ல ஆள் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தில் குண்டின் விட்டம் ஒரு அங்குலம் என்றால் கூட்டம் 70 அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு. மூன்று அங்குலக் குண்டுக்கு 210 அடி. அன்றைக்கு நாங்கள் நின்றது முப்பது அடிகூட இருக்காது. என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார், நன்றாகத் தெரியட்டும் என்று!

சத்தம் வேண்டுமா, பூ வேண்டுமா?

"அப்படியானால் வாணவேடிக்கையே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பக்கத்து ஜனங்கள் பறவைகளுக்காகப் பட்டாசையே விட்டுவிட்டவர்கள். நம் மாவட்டத்திலும் கரைவெட்டியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டதற்கும் காரணம் புகையும் நஞ்சும்தான்.

ஆனால் முழுசாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வருஷம் பூராவும் வெள்ளைப் புழுதியில் வேலை பார்க்கும் என் அப்பா, அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிற ராத்திரி அது ஒன்றுதான். டிக்கெட் இல்லாமல், முன் வரிசை பின் வரிசை இல்லாமல், பண்ணையாரும் கூலிக்காரரும் ஒரே நேரத்தில் பார்க்கும் காட்சி அது. அதைப் பறிக்கச் சொல்ல நான் யார்?

என் கருத்து வேறு. நம் திருவிழாக் கமிட்டிகள் சரக்கு பேசும்போது என்ன கேட்கிறார்கள்? "சத்தம் எப்படி? பக்கத்து ஊருக்குக் கேக்குமா?" அதிர்வேட்டுக் குண்டில் பூவே கிடையாது. ஒரு வெள்ளை வெளிச்சம், ஒரு பெரிய சத்தம், அவ்வளவுதான். அதற்குப் போடும் மருந்து மற்றதைவிட முரட்டுத்தனமானது. அழகு குறைவு, ஆபத்து அதிகம். அதற்குப் போய் ஊர்ப் பணத்தைக் கொட்டிப் பக்கத்து ஊரோடு போட்டி! பூவைக் கேளுங்கள். விழுதைக் கேளுங்கள். நல்ல நீலத்தைக் கேளுங்கள். கேட்கிறவன் மாறினால் செய்கிறவனும் மாறுவான். எண்ணிக்கை குறையட்டும், தரம் கூடட்டும். லைசென்ஸ் இருப்பவரிடம் மட்டும் வாங்கட்டும். கூட்டம் கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் நிற்கட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

டிப்ளமோ மாணவர்கள் நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், எனக்கு இரண்டு யோசனை உண்டு.

ஒன்று: கோடை விடுமுறையில் நம் பாலிடெக்னிக் வகுப்பறைகள் காலியாகத்தானே கிடக்கின்றன? மூன்று நாள் போதும். நம் பக்கத்து ஊர்களில் வாணம் விடுகிறவர்கள், வெடி ஆலையில் வேலை பார்க்கிறவர்கள், குவாரியில் வெடி வைக்கிறவர்கள் எல்லோரையும் அழைப்போம். உராய்வு என்றால் என்ன, நைலான் சேலைக்குப் பதில் பருத்தி ஏன், இரும்புக் கரண்டி ஏன் கூடாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் ஏன் உட்காரக்கூடாது என்று தமிழில், அவர்கள் பேச்சில், சொல்லிக் கொடுப்போம். சட்டம் 'கூடாது' என்று மட்டும்தான் சொல்லும். 'ஏன்' என்று சொல்வது நம் வேலை. ஏன் என்று தெரிந்தவன்தான் மேஸ்திரி அவசரப்படுத்தும்போது "முடியாதுங்க" என்று சொல்வான்.

இரண்டு: எங்கள் பேட்ச் நான்கு பேர் இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஒன்றை எடுத்திருக்கிறோம். வாணக் குழாய்கள் சாயாமல் நிற்க ஒரு ஸ்டாண்டு; நூறு அடி ஒயருக்கு அந்தப் பக்கம் நின்று பேட்டரியில் திரி பற்ற வைக்க ஒரு பெட்டி. வெளிநாட்டுக் கண்காட்சிகளில் இது பழைய சங்கதி. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்கிற மாதிரி, நம் ஊர்க் கமிட்டி வாங்குகிற விலையில் செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. மருந்து எதையும் நாங்கள் தொடவில்லை. பல்பை வைத்துத்தான் சோதிக்கிறோம். ரிவ்யூவில் ஒரு ஆசிரியர், "பட்டாசுக்கெல்லாம் ஒரு புராஜெக்டா?" என்று கேட்டார். நான் மாமாவின் கையைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் அவர்தான் எங்களுக்கு ரிலே வாங்க ஆலோசனை சொன்னார்.

போன மாதம் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். மிச்சமிருக்கும் மூன்று விரலால் சுவிட்சைத் தட்டினார். முற்றத்தின் அந்தக் கோடியில் பல்பு எரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"ஏன் மாப்ள... இதெல்லாம் அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. நமக்குத்தான் வந்து சேரலை."

அவர் மறுபடி ஒரு தடவை சுவிட்சைத் தட்டிப் பார்த்தார்.

நண்பர்களே! வானத்தில் பூக்கும் பூவுக்கு வேர் தரையில் இருக்கிறது; கந்தகம் படிந்த ஏதோ ஒரு கையில் இருக்கிறது. அடுத்த திருவிழாவில் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும் ஒரு நிமிஷம் குனிந்து, குழாய்ப் பக்கம் நிற்பவரையும் பாருங்கள். அவர் நம் மாமாவாக இருக்கலாம். அவருக்குத் தெரிய வேண்டியது நம் புத்தகப் பையில் இருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்ப்போமா?

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், செந்துறை